காசின் முகமும் எடையும்

நேயர்களே, கடையில் மீதியாகக் கிடைக்கும் சில்லறைக் குற்றிகளை நாம் எண்ணிப் பார்க்கிறோம், உற்றுப் பார்ப்பதில்லை. ஒரு புறத்தில் என்ன உருவம், மறுபுறத்தில் என்ன எழுத்து என்று திடீரெனக் கேட்டால் நம்மில் பலர் விழித்து நிற்போம். காசு செல்லுமா என்பதே நமக்கு வேண்டியது. அது என்ன சொல்கிறது என்று காது கொடுப்பவர் சிலரே.

தமிழில் காசுக்கு நாணயம் என்றொரு பெயர் உண்டு. சொன்ன சொல் தவறாத ஒழுக்கத்துக்கும் அதே பெயரையே வழங்குகிறோம். ஒருவரை நாணயமானவர் என்றால் அவரை நம்பிக் கொடுக்கலாம், நம்பி வாங்கலாம் என்பது பொருள். இவ்விரு கருத்தும் ஒரு சொல்லிலே கூடி நிற்பது மிகப் பொருத்தம். காசு என்பது ஓர் அரசு தன் குடிகளின் கையில் வைக்கும் வாக்குறுதி. அந்த வாக்குறுதி எவ்வாறு அளிக்கப்பட்டது, எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வாறு கைவிடப்பட்டது என்பவற்றைப் பண்டைய உரோமரின் வெண்கலக் காசுகளைக் கொண்டு அறிந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

உரோமப் பேரரசின் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் நூதனசாலைகளில் நம் கண்ணைக் கவர்கின்றன. ஆயினும் பொற்காசை அரிதாகவே கையிலெடுத்துப் பார்த்த ஏழை மக்கள் அப்பேரரசில் எண்ணற்றோர். அவர்கள் அப்பம் வாங்கியதும், மது அருந்தியதும், பொதுக் குளிப்பகத்தில் நீராடியதும் வெண்கலம், பித்தளை, செம்பு ஆகியவற்றாலான சில்லறையைக் கொடுத்தே. செய்தித்தாளோ வானொலியோ இல்லாத அக்காலத்தில், கூலியாள் ஒருவனின் உள்ளங்கைக்குள் நாள்தோறும் சென்று சேரக்கூடிய அரசாங்க அறிவித்தல் அச்சிறு வட்டத்தைப் போல வேறொன்று இல்லை. ஆதலால் ஆட்சியாளர் தாம் சொல்ல விரும்பியதை உருவமாக்கி அதிலே பொறித்தனர். ஆனால் காசுக்கு இன்னொரு நாவும் உண்டு. அதன் எடையும் உலோகமுமே அந்த நா. முகத்திலுள்ள உருவம் அரசு சொல்ல விரும்பியதைச் சொல்லும். எடையோ அரசு மறைக்க விரும்பியதையும் சொல்லிவிடும்.

முதலில் தொடக்கத்தைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா என்ற சொல், கால்நடையைக் குறிக்கும் பெக்குஸ் என்ற சொல்லோடு உறவுடையது. தமிழிலும் மாடு என்பதற்குச் செல்வம் என்ற பொருள் உண்டென்பதை நேயர்கள் அறிவர். கால்நடையை மாற்றுப் பொருளாகக் கொண்ட நிலைக்குப் பின், உரோமர் உருவமற்ற வெண்கலக் கட்டிகளை நிறுத்துக் கொடுத்து வாங்கினர். அடுத்து வந்தவை உருவம் பொறித்த வெண்கலப் பாளங்கள். அவற்றுள் ஒன்றில் ஒருபுறம் யானையும் மறுபுறம் பன்றியும் காணப்படுகின்றன. கி.மு. 280 முதல் 275 வரை பிர்ருஸ் என்ற கிரேக்க மன்னன் யானைப் படையோடு இத்தாலியில் போரிட்டான். பன்றிகளின் அலறலைக் கேட்டு அவனுடைய யானைகள் மிரண்டன என்றொரு கதை உண்டு. அந்தப் பாளத்தை அறிஞர் இக்கதையோடு இணைத்துப் பேசுவர்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வட்டமான வெண்கலக் காசு தோன்றியது. உருக்கிய உலோகத்தை வார்ப்பில் ஊற்றிச் செய்த அக்காசுக்கு அஸ் என்று பெயர். தொடக்கத்தில் ஓர் அஸ், ஓர் உரோம இறாத்தல் எடையுடையது. இன்றைய அளவில் ஏறக்குறைய 320 கிராம். ஒரு கையில் இரண்டைத் தூக்கினாலே கை வலிக்கும். சில காலத்தின் பின் அஸ் காசுக்கு நிலையான உருவம் ஒன்று அமைந்தது. ஒருபுறம் ஜானுஸ் என்ற தெய்வத்தின் தலை. மறுபுறம் போர்க்கப்பலின் அணியம். ஜானுஸ் வாயில்களுக்கும் தொடக்கங்களுக்கும் உரிய தெய்வம். முன்னும் பின்னும் நோக்கும் இரண்டு முகங்கள் அவருக்கு உண்டு. கப்பலின் அணியமோ, கடலில் கார்த்தேஜ் நகரத்தாரை வென்ற பெருமையை நினைவூட்டுவது. நம் சிறுவர் பூவா தலையா என்று காசைச் சுண்டுவதுபோல, உரோமச் சிறுவர் தலையா கப்பலா என்று கூவிச் சுண்டினர். கப்பல் உருவம் காசிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னும் அந்தக் கூவல் மறையவில்லை என்று கி.பி. 5ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மக்ரோபியஸ் கூறியுள்ளார்.

அஸ் காசின் பகுதிகளுக்கும் தனித்தனி உருவங்கள் இருந்தன. அரைக் காசில் சனித் தெய்வம், மூன்றிலொரு பங்கில் மினெர்வா, காற்பங்கில் ஹெர்குலிஸ், ஆறிலொரு பங்கில் மெர்க்குரி. மூன்றிலொரு பங்குக் காசில் நான்கு புள்ளிகள், காற்பங்கில் மூன்று, ஆறிலொரு பங்கில் இரண்டு, பன்னிரண்டிலொரு பங்கான உன்சியாவில் ஒன்று. எழுத்தறியாத காய்கறிக்காரியும் தெய்வத்தின் முகத்தையோ புள்ளிகளையோ கண்டு காசின் மதிப்பை அறியலாம். அவுன்ஸ் என்றும் அங்குலத்துக்கு ஆங்கிலத்தில் இஞ்ச் என்றும் நாம் வழங்கும் அளவுப் பெயர்கள் அந்த உன்சியாவின் வழிவந்தவையே.

இத்தனை ஒழுங்காகத் தொடங்கிய காசுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. கி.மு. 218 முதல் 201 வரை ஹனிபாலுடன் நிகழ்ந்த பெரும்போரில் உரோமரின் கருவூலம் வறண்டது. படைவீரருக்குக் கூலி கொடுக்க வேண்டும், வெண்கலமோ போதவில்லை. அஸ் காசின் எடை படிப்படியாகக் குறைந்து, கி.மு. 211ஆம் ஆண்டளவில் தொடக்க எடையில் ஆறிலொரு பங்காயிற்று. ஆயினும் காசின் முகத்தில் அதே ஜானுஸ் அமைதியோடு இரு திசையும் நோக்கினார். அதே கப்பல் அதே வேகத்தோடு சென்றுகொண்டிருந்தது. உருவத்தை மட்டும் பார்ப்பவனுக்கு ஒன்றும் நிகழவில்லை. காசைக் கையில் வைத்து ஏந்திப் பார்த்தவனுக்கோ நாட்டின் நெருக்கடி முழுவதும் தெரிந்தது. இந்தப் பாடம் உரோம வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரப் போகிறது.

குடியரசு வீழ்ந்து பேரரசு எழுந்தபோது, முதல் சக்கரவர்த்தியாகிய அகஸ்டஸ் ஏறக்குறைய கி.மு. 23ஆம் ஆண்டில் சில்லறைக் காசை மீண்டும் ஒழுங்கு செய்தார். பெரிய காசாகிய செஸ்டெர்டியஸ், அதில் பாதி மதிப்புள்ள டுபோண்டியஸ் ஆகிய இரண்டும் பொன்னிறப் பித்தளையால் ஆயின. அதனினும் குறைந்த அஸ், குவாட்ரன்ஸ் ஆகியவை செம்பால் ஆயின. பித்தளையும் செம்பும் வேறு வேறு உலோகமாயினும், இவை யாவற்றையும் வெண்கலக் காசு என்றே பொதுவாகக் கூறுவது வழக்கம். நான்கு குவாட்ரன்ஸ் ஓர் அஸ்; நான்கு அஸ் ஒரு செஸ்டெர்டியஸ்; நான்கு செஸ்டெர்டியஸ் ஒரு வெள்ளித் தெனாரியஸ்; இருபத்தைந்து தெனாரியஸ் ஒரு பொற்காசு. உரோம நகரில் பொதுக் குளிப்பகத்துக்குக் கட்டணம் ஒரு குவாட்ரன்ஸ். எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் காணிக்கையாக இட்ட இரண்டு சிறு காசுகளும் ஒரு குவாட்ரன்ஸ் பெறும் என்று மாற்கு எழுதிய நற்செய்தி கணக்குச் சொல்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரில் மதுக்கடைச் சுவரொன்றில் விலை எழுதப்பட்டிருக்கிறது. ஓர் அஸ் கொடுத்தால் சாதாரண மது. இரண்டு கொடுத்தால் நல்லது. நான்கு கொடுத்தால் புகழ்பெற்ற பலேர்னிய மது. இத்தகைய வாழ்க்கைக்குள்தான் சக்கரவர்த்தியின் முகம் நாள்தோறும் புகுந்து வெளிவந்தது.

அக்காசுகள் அடிக்கப்பட்ட விதம் எளியது. இரண்டு அச்சுகளில் உருவத்தையும் எழுத்தையும் இடம்வலம் மாற்றிக் குழிவாகச் செதுக்குவர். கீழச்சு பட்டடையில் பொருந்தியிருக்கும். காய்ச்சிய உலோக வட்டை அதன்மேல் வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பர். கை சிறிது விலகினால் சக்கரவர்த்தியின் மூக்கு காசின் விளிம்புக்கு வெளியே போய்விடும். ஆதலால் உரோமக் காசுகளில் ஒன்றைப் போல ஒன்று அச்சொட்டாக இருப்பது அரிது.

முன்புறத்தில் சக்கரவர்த்தியின் தலையும் அவருடைய பட்டங்களும் இருக்கும். பின்புறமே அறிவித்தற் பலகை. அங்கே பெரும்பாலும் ஒரு பெண்ணுருவம் நிற்கும். அவள் கையிலுள்ள பொருளைக் கொண்டு அவளை இனங்காணலாம். தராசு ஏந்தியவள் நேர்மைத் தேவி. சுக்கான் பிடித்தவள் விதியைச் செலுத்தும் பாக்கியத் தேவி. ஒலிவக் கிளை ஏந்தியவள் சமாதானம். நெற்கதிர் போன்ற கோதுமைக் கதிரும் மரக்காலும் உடையவள் தானிய வழங்கலுக்குரிய தேவி. கூம்பிய தொப்பியைக் கையில் ஏந்தியவள் விடுதலைத் தேவி. விடுதலை பெற்ற அடிமை அணியும் தொப்பி அது. நம் கோயிற் சிற்பத்தில் சங்கு சக்கரம் கண்டால் திருமால் என்றும், வேல் கண்டால் முருகன் என்றும் கல்லாதவரும் அறிவதுபோல, உரோமரும் இவ்வடையாளங்களால் காசைப் படித்தனர்.

இனி இவ்வறிவித்தல்களில் சிலவற்றை எடுத்து, அவை எவ்வளவு உண்மை என்று ஆராய்வோம்.

கலிகுலா கி.பி. 37 முதல் 41 வரை ஆண்ட சக்கரவர்த்தி. ஏல விற்பனையின் மீதிருந்த வரியை அவன் நீக்கினான். இருநூற்றிலொரு பங்காகிய அவ்வரி நீங்கிய செய்தி, மிகச் சிறிய காசாகிய குவாட்ரன்ஸில் மூன்று எழுத்துகளின் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டது. அதன் மறுபுறத்தில் விடுதலைத் தொப்பி. ஏழையின் கைக்கே போய்ச் சேரும் காசைத் தேர்ந்து அவன் இந்த நற்செய்தியை இட்டான். ஆனால் அதே கலிகுலா பின்னர் நகரில் விற்ற உணவுக்கும், நீதிமன்ற வழக்குகளுக்கும், சுமை தூக்குவோரின் நாட்கூலியில் எட்டிலொரு பங்குக்கும் வரி விதித்தான் என்று வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதியுள்ளார். வரி நீக்கத்துக்குக் காசு அடிக்கப்பட்டது. வரி விதிப்புக்கு எவரும் காசு அடிப்பதில்லை.

நீரோவின் காசு ஒன்று பேரழகுடையது. கி.பி. 64ஆம் ஆண்டளவில் அடித்த அந்தச் செஸ்டெர்டியஸில் ஒஸ்தியாத் துறைமுகம் வானிலிருந்து பார்ப்பதுபோல விரிகிறது. இருபுறமும் வளைந்த அலைதடுப்பு அணைகள். நடுவே பாய்மரக் கப்பல்கள். கீழே சாய்ந்து படுத்திருக்கும் நீர்த்தெய்வம். எகிப்திலிருந்து கோதுமை பத்திரமாக வந்து சேரும், எவரும் பசியால் வாடவேண்டியதில்லை என்பது அதன் பொருள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கி.பி. 62இல், அதே துறைமுகத்துக்குள்ளேயே புயலில் சிக்கி ஏறக்குறைய இருநூறு கப்பல்கள் அழிந்தன என்று தாசிட்டஸ் எழுதியுள்ளார். அந்த அழிவை மனத்திற் கொண்டு காசைப் பார்த்தால், அதிலுள்ள அமைதியான நீர்ப்பரப்பு வேறு விதமாகத் தோன்றும். அச்சத்தை ஆற்றுவதற்காகவே அவ்வமைதி பொறிக்கப்பட்டதோ என்று எண்ண வேண்டியிருக்கிறது.

எல்லா அறிவித்தல்களும் பொய்யல்ல. ஹேட்ரியன் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, கி.பி. 118இல், குடிகள் அரசுக்குக் கட்டவேண்டியிருந்த 90 கோடி செஸ்டெர்டியஸ் நிலுவையைத் தள்ளுபடி செய்தார். கடன் ஏடுகளைப் பொதுவிடத்தில் குவித்து எரித்தனர். அப்போது அடித்த காசில், பணியாள் ஒருவன் அந்த ஏட்டுக் குவியலுக்குத் தீவட்டியால் தீ மூட்டுகிறான். கடன்பட்ட நெஞ்சம் எவ்வாறு கலங்கும் என்று தமிழர் நன்கறிவர். அந்தத் தீயைக் காசில் கண்ட குடியானவன் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பான் என்பதில் ஐயமில்லை. இச்செய்திக்குக் காசு மட்டுமன்றிக் கல்வெட்டும் சான்றாக நிற்கிறது.

ஆனால் அவருக்கு முன் ஆண்ட முதியவர் நெர்வாவின் காசைப் பாருங்கள். இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியுள்ளன. படைகளின் ஒற்றுமை என்று எழுதியிருக்கிறது. கி.பி. 97இல் அவருடைய மெய்காவற் படையே அரண்மனையை வளைத்து நின்று, அவர் காக்க விரும்பியவர்களைக் கொன்றது. படை ஒற்றுமையாக இருக்கும்போது அதைப்பற்றி எவரும் காசடித்துக் கூறவேண்டியதில்லை. எது மிகுதியாகப் புகழப்படுகிறதோ அதுவே அன்றைக்குக் குறைவாக இருந்தது என்று கொள்வது, காசு படிப்போர்க்கு நல்லதொரு விதி.

வென்றவர் தம்மைப் புகழ்ந்து அடித்த காசுகளில் தோற்றவரும் இடம்பெற்றனர். கி.பி. 70இல் எருசலேம் அழிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே வெஸ்பாசியனின் செஸ்டெர்டியஸ்களில் பேரீச்ச மரம் ஒன்று எழுந்தது. அதன் கீழே தலையில் கைவைத்து அழுதுகொண்டிருக்கிறாள் ஒரு பெண். அவளே யூதேயா நாடு. வெஸ்பாசியனும் அவருடைய மக்கள் இருவரும் ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுக்காலம் இந்த அழுகையைக் காசில் அடித்து வந்தனர். வீடிழந்து சிதறிய ஒரு யூதன் உரோமச் சந்தையில் அப்பம் வாங்கும்போது, தன் நாட்டின் துயரத்தைத் தன் கையாலேயே எண்ணிக் கொடுக்க வேண்டியிருந்தது. உருவம் எவருக்குப் பெருமையோ, மற்றவருக்கு அது புண் என்பதை இக்காசு போல எதுவும் காட்டாது.

இத்தகைய உருவமொன்று நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்த கதை வியப்புக்குரியது. அந்தோனினஸ் பயஸ் கி.பி. 154, 155ஆம் ஆண்டுகளில் அடித்த அஸ் காசில், பாறைமேல் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். தலை கவிழ்ந்து கையில் சாய்ந்திருக்கிறது, அருகே கேடயம். அவள் பெயர் பிரித்தானியா. உரோமருக்குப் பணிந்த தீவின் உருவம் அவள். ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழிந்தன. 1672இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்ள்ஸ் தம் செப்புக் காசுகளில் பழைய உரோம உருவத்தைத் தழுவிப் பிரித்தானியாவை அமர்த்தினார். இப்போது அவள் தலை நிமிர்ந்திருந்தாள். 1828இல் இலங்கையில் வழங்குவதற்கென இலண்டனில் அரைப் பார்திங் காசு அடிக்கப்பட்டபோது, அதன் பின்புறத்தில் ஆளும் பேரரசின் தலைவியாக வந்தவளும் அவளே. தோல்வியின் உருவமாகப் பிறந்தவள், மற்றொரு தீவை ஆளும் சின்னமாக வந்து இறங்கினாள்.

சரி, அரசு காசின் வழியாகப் பேசிற்று. மக்கள் மறுமொழி கூறினார்களா? கூறினர். கலிகுலா கொல்லப்பட்ட பின், கி.பி. 43இல், அவன் முகம் பொறித்த வெண்கலக் காசுகளை உருக்கும்படி செனட் சபை ஆணையிட்டது. ஆனால் உருக்கிய உலோகத்தை அப்போதைய சக்கரவர்த்தி கிளாடியஸின் மனைவி மெஸலீனா, தனக்கு வேண்டிய கூத்தன் ஒருவனுக்குச் சிலைகள் செய்யப் பயன்படுத்தினாள் என்று காசியஸ் டியோ எழுதியுள்ளார். கி.பி. 211இல் கரகல்லா தன் தம்பி கெட்டாவைக் கொல்வித்து, அவன் பெயரும் உருவமும் எங்கும் அழிக்கப்படவேண்டும் என்று பணித்தான். சின்ன ஆசியாவின் பெர்கமம், ஸ்திரட்டோனிக்கேயா முதலிய நகரங்களின் வெண்கலக் காசுகளில், அண்ணன் தம்பி இருவர் முகமும் எதிரெதிரே இருந்தன. அவற்றில் தம்பியின் முகம் உளியால் செதுக்கி அகற்றப்பட்டிருக்கிறது. அண்ணன் இன்றும் அந்தக் காசில் வெறுமையை நோக்கியபடி இருக்கிறான். அழிக்க முயன்ற அடையாளமே அழியாச் சான்றாகிவிட்டது.

கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பேரரசு தடுமாறியது. எல்லைப் போர்கள், கொள்ளைநோய், ஒருவரை ஒருவர் கொன்று அரியணை ஏறிய தளபதிகள் என்று துன்பம் தொடர்ந்தது. படைக்குக் கொடுக்கப் பணம் வேண்டும், வெள்ளியோ இல்லை. வெள்ளிக் காசில் செம்பைக் கலந்தனர். மேலும் கலந்தனர். கி.பி. 260 முதல் 268 வரை காலியெனஸ் தனித்து ஆண்ட காலத்தில் வெள்ளிக் காசு எனப்பட்டது நூற்றுக்குச் சில பங்கே வெள்ளியுடைய செம்புக் காசாகிவிட்டது. அத்தகைய காசுகளுள் ஒன்றின் பின்புறத்தில் நேர்மைத் தேவி தராசு ஏந்தி நிற்கிறாள். கையில் தராசு; நிற்பதோ மோசடியின் மேல். அதே காலத்தில் காலியாப் பகுதியைத் தனியே பிரித்து ஆண்ட போஸ்துமஸ், நூறாண்டு வழங்கித் தேய்ந்த பழைய செஸ்டெர்டியஸ்களை எடுத்து, அவற்றின் மேலேயே தன் உருவத்தை அடித்து, இருமடங்கு மதிப்புள்ளவை என்று வெளியிட்டான். உலோகம் பழையது, முகமும் விலையும் புதியவை.

டயோக்கிளீஷியன் கி.பி. 294ஆம் ஆண்டளவில் சீர்திருத்தம் செய்தார். ஏறக்குறைய 10 கிராம் எடையுள்ள புதிய வெண்கலக் காசு, மெல்லிய வெள்ளிப் பூச்சோடு வந்தது. உரோம மக்களின் காவல் தெய்வம் அதில் நின்றது. பூச்சு தேய்ந்தது, விலைகள் ஏறின. கி.பி. 301இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட பண்டங்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை விதித்து, மீறுவோர்க்கு மரண தண்டனை என்று அவர் கட்டளையிட்டார். அதுவும் பயனளிக்கவில்லை. கான்ஸ்டன்டைன் காலத்தில் இரண்டு போர்வீரரும் அவர்களுக்கு நடுவே இரண்டு படைக்கொடிகளும் உள்ள காசு வெளிவந்தது. படையின் பெருமை என்பது அதன் வாசகம். கி.பி. 335ஆம் ஆண்டளவில் காசு மேலும் சிறுத்தது. இரண்டு கொடிகளுக்கு இடம் போதவில்லை. ஒரு கொடியை எடுத்துவிட்டனர்! பெருமை என்ற எழுத்து மட்டும் குறையவில்லை.

கி.பி. 348இல் மற்றொரு காசு. உரோம நகரம் தோன்றி 1100 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, மகிழ்ச்சியான காலம் மீண்டும் வந்துவிட்டது என்று அதில் எழுதினர். அதன் வகைகளுள் மிகுதியாக அடிக்கப்பட்டதில், குதிரையிலிருந்து விழும் பகைவனை உரோம வீரன் ஈட்டியால் குத்துகிறான். தொடக்கத்தில் ஏறக்குறைய 5 கிராம் எடையுள்ள அக்காசு, பத்தாண்டுக்குள் அதில் பாதியளவாகத் தேய்ந்தது. வாசகம் மகிழ்ச்சியைச் சொல்லிக்கொண்டே இருந்தது. காசு மெலிந்துகொண்டே இருந்தது. நூற்றாண்டின் இறுதியில் வந்த காசு ஒரு கிராமுக்குச் சற்று மேற்பட்ட எடையே உடையது. அதில் வெற்றித் தேவி கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள். நாட்டின் நலம் என்பது வாசகம். சுண்டுவிரல் நகத்தின் அளவுடைய அக்காசில் நலமும் வெற்றியும் கைதியும் நெருக்கியடித்து நிற்கின்றனர்.

நேயர்களே, இச்சிறு காசுகளே நம் இலங்கையில் மிகுதியாகக் கிடைத்த உரோமக் காசுகள். கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவை தென்கரையிலும் உள்நாட்டிலும் ஆயிரக்கணக்கில் அகப்பட்டுள்ளன. 1907இல் ஜோன் ஸ்ரில் இவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். 1924இல் வெளியான கொட்றிங்டனின் இலங்கை நாணய நூலும் இவற்றை ஆராய்கிறது. தமிழகத்தில் கரூர், மதுரை, அழகன்குளம் ஆகிய இடங்களிலும் இத்தகைய காசுகள் கிடைத்துள்ளன. அழகிய பெரிய செஸ்டெர்டியஸ்கள் அல்ல, பேரரசு மெலிந்த காலத்துத் தேய்ந்த சில்லறைகளே கடல் கடந்து வந்து இங்கு குவிந்தன.

அவை இங்கு வந்து என்ன செய்தன? அவற்றிலுள்ள இலத்தீன் எழுத்து இங்குள்ள சந்தையில் எவருக்கும் விளங்கியிராது. நாட்டின் நலம் என்ற வாசகத்தால் எவரும் மயங்கவோ வெறுக்கவோ இடமில்லை. ஆயினும் அவை சில்லறையாகப் பயன்பட்டன எனத் தெரிகிறது. ஏனெனில் அவற்றைப் பார்த்து இங்கேயே போலிகள் செய்யப்பட்டுள்ளன. அவற்றில் போர்வீரர் சில கோடுகளாகச் சுருங்கிவிட்டனர். எழுத்துகள் வெறும் கீறல்களாகிவிட்டன. ஏமாற்றுவதற்காகச் செய்தவை என்று இவற்றைக் கருதவேண்டியதில்லை. சில்லறை போதாத சந்தைக்குத் தேவையானதை உள்ளூர்க் கைவினைஞர் செய்து கொடுத்தனர் எனலாம். உரோமச் சக்கரவர்த்தி சொல்ல விரும்பியது முழுவதும் கடலிலேயே கரைந்துவிட்டது. எஞ்சியது செம்பு மட்டுமே.

இங்கே பழைய செய்தி ஒன்றை நினைவுகூர வேண்டும். கி.பி. 41 முதல் 54 வரை கிளாடியஸ் ஆண்ட காலத்தில், செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஆனியஸ் புளோக்காமஸ் என்பவரின் ஆளொருவன் காற்றால் அடிபட்டு இலங்கைத் துறையொன்றை அடைந்தான். இந்நாட்டு மன்னன் அவனை விருந்தினனாக ஏற்றான். அவனிடமிருந்த வெள்ளித் தெனாரியஸ்களை வாங்கிப் பார்த்தான். அவற்றிலுள்ள முகங்கள் வேறு வேறு மன்னருடையவை. ஆயினும் எடை மட்டும் ஒன்றாக இருந்தது. அதைக் கண்டே உரோமரின் நேர்மையை மன்னன் மெச்சி, அவர்களிடம் தூதரை அனுப்பினான் என்று பிளினி தம் இயற்கை வரலாற்றில் எழுதியுள்ளார்.

அம்மன்னன் முகங்களைக் கண்டு மயங்கவில்லை. காசுகளை நிறுத்துப் பார்த்தான். உருவம் மாறியும் எடை மாறாத அந்த ஒன்றுதான் அவனுக்கு உரோமரைப் பற்றிய நற்சான்றாயிற்று. முந்நூறு ஆண்டுகள் கழித்து அதே தீவுக்கு வந்த வெண்கலக் காசுகளை அவன் கண்டிருந்தால் என்ன கூறியிருப்பான் என்பதை நேயர்களின் சிந்தனைக்கே விடுகிறேன்.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு அத்திவாரம் தோண்டும்போதோ, தோட்டம் கொத்தும்போதோ, களிம்பேறிய பழங்காசு எவருக்கேனும் அகப்பட்டால், அதைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். களிம்போடு எழுத்தும் போய்விடும். எங்கே, எவ்வளவு ஆழத்தில், வேறு எவற்றோடு கிடைத்தது என்பதைக் குறித்துக்கொண்டு தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். இடம் தெரியாத காசு, பெயர் தெரியாத சாட்சியைப் போன்றது, பேசினாலும் எடுபடாது.

காசின் முகம் காலந்தோறும் மாறும். சக்கரவர்த்திகள் போவர், தேவியர் போவர், அழுத பெண் நிமிர்ந்து அமர்வாள். எந்த அரசும் தன்னைப் பற்றி நல்லதே பொறிக்கும், அது இயல்பு. குடிகளோ காசை வாங்கியதும் தம்மை அறியாமலே உள்ளங்கையில் ஏந்திப் பார்ப்பார்கள். அந்தச் சிறு அசைவிலே நாணயம் என்ற சொல்லின் இரண்டு பொருளும் ஒன்றாக நிறுக்கப்படுகின்றன.